இயங்குசித்திரப் படங்களில் அழுகை மெய்ப்பாடு

தோற்றுவாய்

குழந்தையர்க்கென ஆக்கப்படும் கலைப் படைப்புகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் கடைக்கண்ணாலேயே நோக்குவர். நீதி உண்டா, தீங்கு இல்லையா, பொழுது இனிது கழியுமா என்னும் மூன்று வினாக்களோடு அவர்தம் ஆராய்ச்சி நின்றுவிடும். கதைக்கோப்பு, உணர்ச்சி வெளிப்பாடு, சுவை எனப் பெரியோர்க்குரிய நூல்களில் நாம் தேடுவனவற்றைச் சிறுவர்க்குரிய படைப்புகளில் தேடுவார் மிகச் சிலரே. சிறுவர் சுவையறியார் என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், சிறுவர்க்குரிய படைப்பே சில வேளைகளில் சுவைக் கொள்கைக்குத் தக்க உரைகல்லாக அமையும் என்பதும் இக்கட்டுரையால் விளக்கப்படும்.

ஈண்டு யாம் எடுத்துக்கொள்வன, 'அனிமேஷன்' என வழங்கும் இயங்குசித்திரக் கலையில், குழந்தையரும் குடும்பத்தாரும் ஒருங்கிருந்து காணுமாறு ஆக்கப்பட்ட முழுநீளப் படங்கள் ஆகும். இவ்வகை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இளவரசர் அக்மதின் வீரச்செயல்கள்' என்னும் நிழலுருப் படமே, இன்று எஞ்சியுள்ள முழுநீள இயங்குசித்திரங்களுள் பழமையானது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1937ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் பின்னர் இக்கலை தனித்துறையாக வேரூன்றிப் பல நாடுகளிலும் கிளை பரப்பியது.

இத்துறையில் அன்று தொட்டு இன்று வரை தீராத வினா ஒன்று உண்டு. குழந்தைக்கு அழுகையைக் காட்டலாமா? காட்டின், எவ்வாறு காட்டுதல் தகும்? தம் குழந்தை என்றும் சிரித்த முகத்தோடு இருத்தல் வேண்டும் எனப் பெற்றோர் விரும்புவர். அவ்விருப்பம் அன்பின் வழிப்பட்டதே. ஆயினும், அழாதே என்று விலக்கப்பட்ட குழந்தையின் துயர் எங்குச் செல்லும்? அதனைக் காண்பார் யார்? கலைக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் உரிய வினா இது. 'பாம்பி' (1942), 'இன்சைடு அவுட்' (2015), 'டோட்டோரோ' (1988) என்னும் மூன்று படங்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகின்றோம். அளவுகோலாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை மேற்கொள்கின்றோம்.

அளவுகோல்

அயல்நாட்டுத் திரைப்படத்திற்குத் தொல்காப்பியம் அளவுகோலாதல் எங்ஙனம் என்று சிலர் வினவலாம். இன்று மேனாட்டார் கண்டவற்றை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மார்தட்டுதல் எம் நோக்கமன்று. அத்தகைய கூற்றால் தொல்காப்பியமும் விளங்காது, திரைப்படமும் விளங்காது. அப்படங்களை ஆக்கியோர் மெய்ப்பாட்டியலை அறிந்தனர் என்றும் யாம் கூறோம். ஒரு கொள்கை உண்மையாயின், அது பிறந்த நிலத்திற்கு அப்பாலும் பயன்படுதல் வேண்டும் என்பதே எம் துணிபு.

மெய்ப்பாடு என்பது வெறும் உணர்ச்சியன்று. உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலனாகுமாறு மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் உரையாற் பெறப்படும். எனவே, மெய்ப்பாட்டிற்கு இருவர் வேண்டும்: உணர்வார் ஒருவர், காண்பார் ஒருவர். காண்பார் இல்வழி உணர்ச்சி உண்டு, மெய்ப்பாடு நிறைவுறுவதில்லை. காண்டலிலும் கேட்டலிலும் நுண்ணுணர்வு வாய்ந்தார்க்கே மெய்ப்பாடு தெளிவாகும் என்பது அவ்வியலின் முடிவில் ஆசிரியர் கூறும் கருத்தாகும். 

நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டு என்றும், அவை ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்றும் ஆசிரியர் வகுப்பர். அவற்றுள் அழுகைக்கு உரிய நான்கனுள் இழவும் அசைவும் இங்கு நமக்கு வேண்டுவன. இழவாவது உற்றாரையும் இன்பம் தருவனவற்றையும் இழத்தல். அசைவாவது முன்னைய நிலை கெட்டு வேறு நிலை எய்தி வருந்துதல் என்பர் பேராசிரியர். அழுகை இருவகைப்படும் என்றும் அவர் நுணுகி உரைப்பர். தானே அவலித்தல் ஒன்று. பிறர் அவலம் கண்டு அவலித்தல் மற்றொன்று. பின்னது கருணை எனப்படும். இவ்விரு கூற்றையும் நினைவிற் கொண்டு படங்களை அணுகுவோம்.

வரைந்த உருவும் விறலும்

இயங்குசித்திரத்திற்கும் நடிகர் நடிக்கும் படத்திற்கும் மெய்ப்பாட்டு நோக்கில் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கண்ணீர், நடுக்கம், மெய்ம்மயிர் சிலிர்த்தல் முதலாயினவற்றை உரையாசிரியர் விறல் என்பர். நடிகனிடத்து இவற்றுள் சில அவன் கருதாமலும் நிகழ்தல் கூடும். குரல் தானே தழுதழுக்கும். கண் தானே கலங்கும். வரைந்த உருவத்திற்கோ தானே நிகழ்வது எதுவுமில்லை. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் திரையில் ஓடுகின்றன. அவற்றுள் ஓர் இமை தாழ்வதாயினும் ஓர் உதடு நடுங்குவதாயினும், அதனை ஒருவர் கண்டு, கருதி, வரைந்திருத்தல் வேண்டும். கணிப்பொறி கொண்டு உருவாக்கும் படத்திற்கும் இஃது ஒக்கும். ஆகவே, இயங்குசித்திரத்தின் மெய்ப்பாடு முழுதும் கூர்ந்து கண்டவர் ஆக்கிய மெய்ப்பாடு. படைப்போரின் காணும் திறன் குன்றின் உருவம் பொம்மையாய் நின்றுவிடும்.

ரைனிகரின் நிழலுருவங்களுக்கு முகக்குறிப்பே இல்லை. கழுத்தின் சாய்வும் கையின் வளைவும் கொண்டே அவர் துயரையும் காதலையும் உணர்த்தினார். 'ஸ்னோ ஒயிட்' படத்தில் நாயகி இறந்தாள் எனக் கருதிக் குள்ளர் எழுவரும் அழும் இடம் உண்டு. அவருள் எப்பொழுதும் கடுகடுத்துப் பேசுபவன் முகத்தை மறைத்துக்கொண்டு அழுகின்றான். முகம் மறைத்தலே அவன் அழுகையை மிகுத்துக் காட்டுகின்றது. சித்திர உருவம் நகைக்கு மட்டுமே உரியது என்றிருந்த எண்ணத்தை அக்காட்சி அசைத்தது எனலாம்.

பாம்பி: கடந்து செல்லப்படும் அழுகை

டிஸ்னி நிலையத்தின் 'பாம்பி' 1942ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆஸ்திரிய எழுத்தாளர் ஃபெலிக்ஸ் சால்ட்டன் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினம் அதற்கு மூலம். மான்கன்று ஒன்றின் வளர்ச்சியே கதை. பனிக்காலத்தின் இறுதியில் தாய்மான் வேடரின் துப்பாக்கிக்கு இரையாகின்றது. அச்சாவு காட்டப்படவில்லை, ஓசை மட்டுமே கேட்கின்றது. கன்று தாயை அழைத்துக்கொண்டு பனியில் அலைகின்றது. முதிய கலைமானாகிய தந்தை எதிர்ப்பட்டு, இனித் தாய் உன்னோடு இருக்க இயலாது என்னும் பொருள்படச் சில சொற்களே கூறுகின்றது. கன்று தந்தையின் பின் பனியில் மறைகின்றது.

இதுகாறும் காட்சியில் குறையில்லை. சாவைக் காட்டாது அதன் இன்மையைக் காட்டிய அடக்கம் பாராட்டற்குரியது. இழவு என்னும் நிலைக்களன் செவ்விதின் அமைந்துள்ளது. ஆயின் அடுத்த காட்சியிலேயே இளவேனில் வந்துவிடுகின்றது, பறவைகள் பாடுகின்றன, கன்று வளர்ந்து இளங்கலையாய் நிற்கின்றது. அதன் துயரை உடனிருந்து கண்டார் எவருமில்லை. பிறர் அவலம் கண்டு அவலிக்கும் கருணைக்குக் கதையினுள் இடமே அளிக்கப்படவில்லை. அக்கருணை முழுதும் அரங்கில் இருந்து காணும் குழந்தைக்கே விடப்படுகின்றது. அக்குழந்தை அழத் தொடங்கும் போதே திரையில் வேனிற் பாடல் எழுகின்றது. அழுகை மறுக்கப்படவில்லை, ஆயினும் விரைந்து கடக்கப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாகப் பார்த்தோர் பலர் அக்காட்சியை மறக்க இயலாதிருத்தற்கு, அழுகை எழுப்பப்பட்டு நிறைவுறாது விடப்பட்டமையும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

இன்சைடு அவுட்: விலக்கப்பட்ட அழுகையின் வரலாறு

'பாம்பி' விரைந்து கடந்ததனையே தன் முழுப்பொருளாக எடுத்துக்கொண்டது 'இன்சைடு அவுட்'. பிக்சார் நிலையத்தின் இப்படத்தைப் பீட் டாக்டர் இயக்கினார். 2015ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதலிற் காட்டப்பெற்று, அடுத்த ஆண்டில் சிறந்த முழுநீள இயங்குசித்திரத்திற்குரிய ஆஸ்கார் பரிசினையும் பெற்றது. அகத்தது புறத்தே ஆதல் என்பது அதன் பெயர்க்குப் பொருளாகும். மெய்ப்பாடு என்னும் சொற்கும் பொருள் அதுவே அன்றோ?

ரைலி என்னும் 11 வயதுச் சிறுமி, தந்தையின் தொழில் பொருட்டு மினசோட்டாவை விட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிபெயர்கின்றாள். பழைய வீடு, தோழியர், பனித்தரையில் ஆடிய ஹாக்கி விளையாட்டு யாவும் பின்தங்கிவிடுகின்றன. பேராசிரியர் கூறும் அசைவிற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? அவள் உள்ளத்தினுள் உவகை, துயரம், அச்சம், சினம், வெறுப்பு என்னும் ஐந்து உணர்ச்சிகள் ஐந்து மாந்தராய் அமர்ந்து அவளை இயக்குகின்றன. பண்புகளை மாந்தராக்கிக் கதை நடத்துதல் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணமிசிரர் வடமொழியில் இயற்றிய பிரபோத சந்திரோதயம் அவ்வகை நாடகமே. ஆயின் அந்நாடகத்தில் நல்லனவும் தீயனவும் பகைத்துப் பொருதும். இப்படத்திலோ பகையே இல்லை. ஐவரும் ரைலியின் நன்மையையே நாடுகின்றனர். அந்நாட்டத்தாலேயே கேடு விளைகின்றது என்பதே இக்கதையின் நுட்பம்.

தலைமை பூண்ட உவகை, துயரத்தை எதனையும் தொடவிடாது தடுக்கின்றாள். ஒரு கட்டத்தில் தரையில் வட்டம் வரைந்து, அதனுள்ளேயே நிற்குமாறு துயரத்தைப் பணிக்கின்றாள். புறத்திலும் அதுவே நிகழ்கின்றது. தந்தைக்கு இது நெருக்கடியான காலம், ஆகவே நாம் இருவரும் சிரித்த முகத்தோடு இருப்போம் என்னும் கருத்துப்படத் தாய் மகளிடம் அன்போடு வேண்டுகின்றாள். அவ்வேண்டுகோளே ரைலியைச் சுற்றி வரையப்பட்ட வட்டம். தாயிடம் தீமை இல்லை, தந்தையிடமும் இல்லை. ஆயினும் அழுகை விலக்கப்பட்டுவிட்டது.

விளைவு யாது? புதிய பள்ளியில் தன்னைப்பற்றிக் கூறத் தொடங்கிய சிறுமி அனைவர் முன்னும் கண்ணீர் விடுகின்றாள். அந்நினைவை உவகை அகற்ற முயல, அக்குழப்பத்தில் உவகை, துயரம் இருவருமே தலைமையிடத்தினின்று வீசப்படுகின்றனர். துயரத்தை விலக்கினார்க்கு உவகையும் நில்லாது போயிற்று. பின்னர் நட்பு, நேர்மை, குடும்பம் என அவள் பண்பைத் தாங்கிய தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிகின்றன. இறுதியில் அவள் வீட்டை விட்டு ஓடிப் பேருந்தில் அமர்கின்றாள். அவ்வேளையில் உள்ளத்தின் இயக்குபலகை நிறமிழந்து கருகுகின்றது. அச்சமோ சினமோ எதுவும் அதனை இயக்க இயலவில்லை.

இக்கட்டமே படத்தின் உயிர்நிலை. குழந்தைக்கு நேரும் பெருங்கேடு யாது? துயருறுதல் அன்று, எவ்வகை மெய்ப்பாடும் இன்றி மரத்துப் போதலே பெருங்கேடு. எட்டனுள் ஒன்றை விலக்கினால் எஞ்சிய ஏழும் ஓங்கும் என்பது உவகையின் கணக்கு. ஒன்றை விலக்கின் அனைத்தும் அவியும் என்று படம் அக்கணக்கைத் திருத்துகின்றது.

இதற்கு மருந்தாகப் படம் காட்டுவது இரண்டு காட்சிகள். ஒன்று, பிங்பாங் என்னும் கற்பனைத் தோழனின் அழுகை. ரைலி சிறுவயதில் தனக்கெனப் படைத்துக்கொண்ட அவ்வுருவம் இப்பொழுது மறக்கப்பட்டு நினைவுகளினிடையே அலைகின்றது. தன் விளையாட்டு வண்டி குப்பையில் வீசப்பட்டதைக் கண்டு அது சோர்கின்றது. உவகை அதனைச் சிரிக்கவைக்க முயன்று தோற்கின்றாள். துயரமோ அதன் அருகில் அமர்ந்து, அது இழந்ததனைப் பற்றியே பேசி, அது கூறுவதைக் கேட்கின்றாள். அது அழுது தீர்ந்தபின் தானே எழுந்து நடக்கின்றது. பிறர் அவலம் கண்டு அவலித்தலாகிய கருணை இன்னது செய்யும் என்பதனை இதனினும் எளிதாகக் குழந்தைக்கு உணர்த்தல் அரிது. பின்னர் அதே பிங்பாங், உவகை மேலேறித் தப்புதற்பொருட்டுத் தன்னை அழியவிடுகின்றது. அது பெருமிதம், அதன் நிலைக்களன் கொடை.

மற்றொன்று, மரக்கிளையில் அமர்ந்த நினைவு. ரைலியின் இனிய நினைவுகளுள் ஒன்றாக உவகை போற்றி வைத்திருப்பது, விளையாட்டுத் தோழியர் அவளைத் தூக்கிக் கொண்டாடிய நாள். அந்நினைவைப் பின்னோக்கிச் சுழற்றும்போது அதன் தொடக்கம் நீலமாய்த் தெரிகின்றது. ஆட்டத்தில் தோற்றமையால் அவள் தனித்து அமர்ந்து வருந்தினாள், அவ்வருத்தத்தைக் கண்டே பெற்றோர் வந்தனர், தோழியரும் வந்தனர். அழுகை புறத்தே தோன்றியமையால் சுற்றம் கூடியது; சுற்றம் கூடியமையால் உவகை பிறந்தது. மெய்ப்பாடு காண்பாரை வேண்டுவது என மேலே கூறினோம். இங்கு அக்கொள்கையே கதையின் திருப்பமாக அமைந்துள்ளது.

முடிவில் ரைலி வீடு திரும்பிப் பழைய ஊரை எண்ணி ஏங்குவதைப் பெற்றோரிடம் கூறி அழுகின்றாள். தாமும் அங்ஙனமே ஏங்குவதாக அவர்கள் கூறி அவளைத் தழுவிக்கொள்கின்றனர். அவள் அழுகையினூடே ஒரு புன்முறுவல் தோன்றுகின்றது. பொன்னிறமும் நீலமும் கலந்த புதிய நினைவு ஒன்று உருவாகின்றது. உவகையின் கூந்தல் தொடக்கம் முதலே துயரத்தின் நிறமாகிய நீலமாக வரையப்பட்டிருத்தலும், தாயின் உள்ளத்தில் தலைமை பூண்டிருப்பது துயரமே என இடையில் ஒரு நொடி காட்டப்படுதலும் இம்முடிவிற்கு முன்னரே இட்ட வித்துக்கள் ஆகும்.

எண்ணும் முறையும்

ஐந்து என்னும் எண் குறித்து ஒன்று கூறுதல் வேண்டும். இப்படத்தார் அமெரிக்க உளவியலார் பால் எக்மனிடம் கருத்துக் கேட்டனர். எக்மன் முன்னர் வகுத்த அடிப்படை உணர்ச்சிகள் ஆறு. அவற்றுள் வியப்பு படத்தில் இடம்பெறவில்லை. மெய்ப்பாட்டியலோடு ஒப்பிடின் நகை, மருட்கை, பெருமிதம் என்னும் மூன்றும் இல்லை. எஞ்சியவற்றுள்ளும் இளிவரலைப் படத்தின் வெறுப்போடு ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. இளிவரலின் நிலைக்களன்கள் மூப்பு, பிணி போல்வன. படத்தின் வெறுப்போ பிடிக்காத காய்கறியைக் கண்டு முகஞ்சுளித்தல். பெயரளவில் ஒப்புமை காட்டி மகிழ்வார் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

2024ஆம் ஆண்டில் கெல்சி மான் இயக்கத்தில் இதன் இரண்டாம் பகுதி வெளிவந்தது. பருவம் எய்தும் ரைலியின் உள்ளத்தில் பதற்றம், பொறாமை, சலிப்பு, நாணம் என நால்வர் புதிதாகப் புகுகின்றனர். தொல்காப்பியரும் எண்வகையோடு நில்லாது, உடைமை முதல் நடுக்கு ஈறாக மேலும் 32 கூறுவர். அப்பட்டியலில் நாணுதலும் பொறாமையும் அவ்வாறே உள்ளன. சலிப்பிற்கு மடிமையும், பதற்றத்திற்கு வெரூஉதலும் ஏறத்தாழ நிகராவன. இவ்வொற்றுமை கடன்பட்டதன்று. வளரும் உள்ளத்தைக் கூர்ந்து நோக்குவார் எவரும், முதன்மை உணர்ச்சிகளுக்கு அப்பால் நுண்ணிய வேறொரு தொகுதியை வகுக்க வேண்டியவர் ஆகின்றனர் என்பதே இதனாற் பெறப்படும்.

எண்ணிக்கையினும் பெரிதாய வேறுபாடு முறைமையில் உள்ளது. தொல்காப்பியர்க்கு மெய்ப்பாடு மாந்தரிடத்துத் தோன்றுவது. 'இன்சைடு அவுட்' படத்திலோ உணர்ச்சிகளே மாந்தர். ரைலி அவர்கள் இயக்கும் கருவிபோல் ஆகின்றாள். உண்மையில் மாறுபவள் உவகையே. உண்மையைக் கண்டறிபவளும் அவளே. சிறுமி தானே துணிந்து செய்வது குறைவு. படம் காண்பார்க்கு மருட்கையை வாரி வழங்குகின்றது. ஆயின் புதிய நகரில் கால்வைத்த 11 வயதுச் சிறுமிக்கு ஒரு சிறு வியப்பினையும் வழங்கவில்லை. மேலும், உவகை ஓயாது விளக்கம் கூறிக்கொண்டே இருக்கின்றாள். இது துயரம், இதன் பயன் இது எனச் சுட்டிக் காட்டிய பின்னரே குழந்தை அதனைக் காணுமாறு படம் அமைந்துள்ளது. உரையோடு கூடிய நூல் போல்வது அது. உரை சிறந்ததே, எனினும் நூல் தானே பேசும் படைப்பும் உண்டு.

டோட்டோரோ: மருட்கையின் மடியில் அழுகை

அத்தகைய படைப்பு ஜப்பானியக் கலைஞர் ஹயாவோ மியாசாக்கி இயக்கிய 'டோட்டோரோ'. 1985ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஜிப்லி நிலையம் இதனை 1988ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்டது. இசாவோ தக்கஹாத்தா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' என்னும் போர்க்காலத் துன்பக் கதையும் இதுவும் அன்று ஒரே காட்சியில் இணைத்துத் திரையிடப்பட்டன. சாவில் முடியும் ஒன்றும் நகையில் முடியும் ஒன்றும் அருகருகே நின்றமை இப்படத்தின் தன்மையை ஒருவாறு உணர்த்தும்.

சத்சுகி, மேய் என்னும் சிறுமியர் இருவர் தந்தையோடு சிற்றூர் வீடொன்றிற்குக் குடிவருகின்றனர். தாய் அண்மையில் உள்ள மருத்துவமனையில் நோயுற்றுக் கிடக்கின்றாள். இங்கும் அசைவே நிலைக்களன். இழவு வருமோ என்னும் அச்சம் அதன் பின்னே நிற்கின்றது. ஆயின் படத்தின் முற்பகுதி முழுதும் துயரைப் பேசாது மருட்கையையே பேசுகின்றது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என மருட்கையின் நிலைக்களன் நான்கென்பர் தொல்காப்பியர். அந்நான்கும் இப்படத்தில் ஒருங்கே உள. பன்னிரு கால் படைத்துப் பேருந்தாய் ஓடும் பூனை புதுமை. கற்பூர மரத்தின் பொந்தில் உறங்கும் டோட்டோரோ பெருமை. பழைய வீட்டின் இருளில் மறையும் கரித்துகள் உயிர்கள் சிறுமை. விதைகள் ஓர் இரவில் முளைத்து வானளாவிய மரமாதல் ஆக்கம். ஒன்று திரிந்து மற்றொன்றாதலே ஆக்கம் என்பது உரையாசிரியர் கருத்தன்றோ?

இம்மருட்கை துயரினின்று தப்பும் வழியன்று. காலையில் பெருமரம் இல்லை. ஆயின் பாத்தியில் சிறு முளைகள் உள்ளன. வியப்பு மெய்யுலகின்மேல் நிற்கின்றது என்பதற்கு அம்முளைகளே சான்று. ஆதலின் துயர் வரும்போது வியப்பு கலைந்துவிடவில்லை. தாயின் வருகை தள்ளிப்போயிற்று என்னும் செய்தி மருத்துவமனையிலிருந்து வருகின்றது. அக்காள் அதுகாறும் தாய்போல் நின்று தங்கையைப் பேணியவள். சமைத்தாள், தலைவாரிவிட்டாள், அழவில்லை. செய்தி வந்ததும் தங்கையிடம் கடிந்து பேசுகின்றாள். பின்னர் அண்டை வீட்டு மூதாட்டி ஆறுதல் கூறிய அளவில் அவள் நிலை குலைகின்றது. தாய் இறந்துவிடின் என்செய்வது என்று கேட்டு வாய்விட்டு அழுகின்றாள். ஆறுதல் கூறுவார் ஒருவர் வந்தபின்னரே அவளுக்கு அழ இயன்றது. இதனை எவரும் விளக்கிக் கூறவில்லை. காட்சியே காட்டுகின்றது.

அவ்வழுகையைச் சற்றுத் தொலைவில் நின்று மேய் காண்கின்றாள். அவளுக்கு வயது நான்கு. அவள் ஒன்றும் பேசவில்லை. தாய்க்கெனத் தான் பறித்த சோளக்கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருத்துவமனை நோக்கித் தனியே நடக்கத் தொடங்குகின்றாள். தான் அவலித்தல் சத்சுகியிடத்தும், பிறர் அவலம் கண்டு அவலித்தல் மேயிடத்தும் தோன்றுகின்றன. அக்கருணை உடனே தறுகண்மையாய்ப் பெருமிதமும் ஆகின்றது. மூன்று மெய்ப்பாடுகள் ஒரு சோளக்கதிரில் அடங்கின. காண்டலால் உணரும் நுண்ணுணர்வை ஆசிரியர் வேண்டினாரே, அதனை இப்படம் நான்கு வயதுக் குழந்தையின் கண்ணுக்கே அளித்துள்ளது.

வழிதவறிய மேயைத் தேடச் சத்சுகி டோட்டோரோவின் உதவியை நாடுகின்றாள். பூனைப் பேருந்து தங்கையிடம் அவளைச் சேர்க்கின்றது. பின்னர் இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றது. அவர்கள் மரக்கிளையில் அமர்ந்து சாளரத்தின் வழியே தாய் சிரித்துப் பேசுவதைக் காண்கின்றனர். சோளக்கதிரைச் சாளரத்தில் வைத்துத் திரும்புகின்றனர். மருட்கை தாயின் நோயைத் தீர்க்கவில்லை. அது செய்தது ஒன்றே: காண வேண்டியவரைக் காணும் இடத்திற்குக் குழந்தையரைக் கொண்டு சேர்த்தது. தாய் வீடு திரும்புதல் இறுதியில் பெயர்கள் ஓடும்போது சிறு ஓவியங்களால் குறிக்கப்படுகின்றதே அன்றிக் கதையின் வெற்றியாக முழக்கப்படவில்லை. குழந்தையிடம் பொய்யான உறுதி எதனையும் இப்படம் கூறாமையே இதன் பெருமை.

மியாசாக்கியின் தாயும் அவர் இளமையில் நெடுங்காலம் நோயுற்றிருந்தவர் என்பது அவர் வரலாற்றால் அறியப்படும். ஆயினும் படத்தின் சிறப்பு அவ்வரலாற்றால் வந்ததன்று. துயரைக் கண்டவர் பலர். அதனைக் கண்டவாறே வரைந்தவர் சிலர்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. 'பாம்பி' அழுகைக்குரிய பொருளைத் துணிந்து எடுத்தது. ஆயினும் அழுகையைக் காண்பார் இன்றி விரைந்து கடந்தது. 'இன்சைடு அவுட்' அழுகையை விலக்குதலால் வரும் கேட்டையும், அதற்கு இடமளித்தலால் வரும் நலத்தையும் முறைப்பட விளக்கியது. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அது பெரும் பயன் தருவது. கலை நோக்கில் விளக்கம் மிகுந்து காட்சி சுருங்கியது. 'டோட்டோரோ' விளக்காது காட்டியது. மருட்கையை அழுகைக்கு மாற்றாக நிறுத்தாது, அழுகையைத் தாங்கும் மடியாக அமைத்தது. ஆதலின் மூன்றனுள் அதனையே தலையாயதாக யாம் கொள்கின்றோம்.

காலத்தால் முந்தியது பின்னையதனின் சிறத்தல் புதுமையன்று. இன்று கணிப்பொறியின் துணையால் நீரும் கூந்தலும் மெய்யேபோல் திரையில் அசைகின்றன. ஆயினும் மெய்ப்பாடு கருவியால் வருவதன்று. காணும் கண்ணால் வருவது. குழந்தையர்க்கான படத்தை இனி மதிப்பிடுவோர், அதில் நீதி உண்டா என்பதனோடு நில்லாது, அதன்கண் துயருறும் குழந்தையைக் காண்பார் எவரேனும் உளரா என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடையளிக்கும் படமே குழந்தையை மதித்த படம். முதியோரும் உடனிருந்து காணத்தக்க படமும் அதுவே.